இலையில்லாத ஊரில் இருக்கும் மகளுக்கு

பாப்பா,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. சிக்னல் போய்விட்டது என்று நினைத்திருப்பாய். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. நான்தான் போனை மேசைமேல் வைத்துவிட்டு வாசலுக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். நீ விளையாட்டாகத்தான் கேட்டாய். "அப்பா, இங்க ஒரு மரத்துலகூட இலை இல்லப்பா. எங்க பாத்தாலும் குச்சி குச்சியா நிக்குது, கீழ எல்லாம் பனி. அப்ப நாங்க இழுக்குற மூச்சுக் காத்து எங்கேருந்து வருது? சயன்ஸ் மாஸ்டர்தானே, சொல்லுங்க பாப்போம்" என்று சிரித்தாய். பின்னால் மாப்பிள்ளை சிரித்ததும் கேட்டது. இதே மாதிரி ஒரு கேள்வியை உன் அம்மாவும் ஒருநாள் என்னிடம் கேட்டாள். அது எந்த நாள், எந்த இடம் என்று நான் உனக்கு இதுவரை சொன்னதில்லை. சொல்லக்கூடாது என்று அவள்தான் என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டாள். அவள் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இனி அந்த வாக்கைக் காப்பாற்றுவதால் யாருக்கும் ஒன்றும் ஆகப்போவதில்லை என்று தோன்றுகிறது. போனில் இதைச் சொல்லி முடிக்க என்னால் ஆகாது. அதனால் எழுதுகிறேன்.

முதலில் மாஸ்டராக இருந்து பதில் சொல்லிவிடுகிறேன், அப்பாவாகச் சொல்ல வேண்டியதைப் பிறகு சொல்கிறேன். எந்த இலையானாலும் அதன் அடிப்பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன வாய்கள் இருக்கின்றன. காற்றிலிருக்கும், நாம் மூச்சில் வெளியே விடுகிற காபனீரொட்சைட்டு அந்த வாய்கள் வழியாக உள்ளே போகிறது. வேர் மண்ணிலிருந்து தண்ணீரை உறிஞ்சி மேலே அனுப்புகிறது. இலையிலுள்ள பச்சையம் வெயிலைப் பிடித்துக்கொள்கிறது. அந்த வெயிலின் பலத்தில் தண்ணீர் உடைந்து, காற்றிலிருந்து வந்ததோடு சேர்ந்து சீனியாகிறது. அந்தச் சீனிதான் பிறகு மாப்பொருளாகவும் மரக்கட்டையாகவும் நாம் குடிக்கும் தேத்தண்ணியின் சாயமாகவும் மாறுகிறது. தண்ணீர் உடைந்ததில் மிஞ்சுகிற ஒட்சிசனை இலை வெளியே விட்டுவிடுகிறது. ஒளித்தொகுப்பு என்று போர்டில் எழுதி, இலை வேண்டாம் என்று கழிக்கிற மிச்சத்தை வைத்துத்தான் நாம் எல்லோரும் உயிரோடு இருக்கிறோம் என்று நான் சொல்லும்போது, ஒவ்வொரு வருஷமும் வகுப்பில் யாராவது ஒரு பிள்ளை முகத்தைச் சுளிக்கும். நீயும் சுளித்திருக்கிறாய்.

உன் ஊருக்கு இன்றைக்கு யாரும் புதிதாக ஒட்சிசன் செய்து அனுப்பவில்லை, பாப்பா. காற்றில் இருப்பது பழைய சேமிப்பு. மனிதனே இல்லாத காலத்திலிருந்து, கடலில் மிதக்கும் நுண்ணிய பச்சை உயிர்களும் பின்னால் வந்த காடுகளும் கோடிக்கணக்கான வருஷங்களாக விட்டுவைத்தது. ஒரு குளிர்காலம் மரங்கள் மொட்டையாக நிற்பதால் அது குறைந்துவிடாது. காற்று ஓரிடத்தில் நிற்பதும் இல்லை. கலந்துகொண்டே இருக்கிறது. காபனீரொட்சைட்டுதான் வேறு கதை. காற்றில் அது மிகக் கொஞ்சம் என்பதால் கூடுவதும் குறைவதும் தெரிந்துவிடும். உங்கள் பக்கத்துக் காடுகள் துளிர்க்கும்போது உலகம் முழுக்க அது சற்று இறங்கும், இலை உதிரும்போது மறுபடி ஏறும். பூமி வருஷத்துக்கு ஒருதரம் மூச்சு இழுத்து விடுகிற மாதிரி. ஆனால் எண்ணெயையும் நிலக்கரியையும் எரித்து நாம் அதற்கு மேல் கொட்டுவதை எல்லா இலைகளும் சேர்ந்தாலும் எடுத்துத் தீர்க்க முடியவில்லை. இங்கே பெய்ய வேண்டிய மாதத்தில் மழை பெய்யாமல், பெய்யும்போது மலையைச் சரிக்கிற மாதிரி கொட்டுவதில் அதற்கும் பங்கு இருக்கிறது.

நீ குச்சி குச்சியாக நிற்கிறது என்று சொன்னாயே, அந்த மரங்கள் செத்துப்போனவை இல்லை. கோடையில் இலைகள் செய்த மாப்பொருளைத் தண்டிலும் வேரிலும் பத்திரமாக வைத்துக்கொண்டுதான் உதிர்த்திருக்கின்றன. இதை நீ சின்னப் பிள்ளையிலேயே பார்த்தவள். நம் வீட்டுக்குக் கீழே இருந்த தேயிலை மலையைக் கவ்வாத்து வெட்டினார்கள், ஞாபகம் இருக்கிறதா? காலையில் பள்ளிக்கூடம் போகும்போது இடுப்பளவு பச்சையாக இருந்த தேயிலை, சாயந்தரம் நீ வரும்போது ஓர் இலைகூட இல்லாமல் முழங்கால் அளவுக் கட்டையாக நின்றது. நீ புத்தகப் பையோடு ரோட்டிலேயே உட்கார்ந்து அழுதாய். உன் அம்மா கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்து, "சாகலடி. வேருல சோறு இருக்கு அதுக்கு. அத தின்னுட்டுத் துளிரும் பாரு" என்றாள். நீ நம்பவில்லை. அடுத்த நாள் நான் பள்ளிக்கூடத்திலிருந்து அயடீன் குப்பியைக் கொண்டுவந்தேன். வெட்டிய செடியின் வேரில் ஒரு துண்டு சீவி அதன்மேல் ஒரு சொட்டு விட்டதும் கருநீலமாக மாறியது. மாப்பொருள் இருந்தால் அப்படித்தான் மாறும். உன் அம்மா அந்தத் துண்டை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்து, "மை கொட்டுன மாதிரியில்ல இருக்கு" என்று ரொம்ப நேரம் பார்த்தாள். அன்றைக்கு நாம் மூன்று பேரும் குசினியில் கைக்கு அகப்பட்டதில் எல்லாம் அயடீன் விட்டுப் பார்த்தோம். சோறு, உருளைக்கிழங்கு, ரொட்டி எல்லாம் கறுத்தது. நீ சிரிக்க ஆரம்பித்துவிட்டாய்.

வெட்டுவதற்கு முந்தி சில வாரங்கள் அந்த மலையில் கொழுந்து எடுக்காமல் விடுவார்கள். செடி ஓய்ந்திருந்து வேரில் சேர்த்துக்கொள்ளத்தான். ஓய்வு கொடுக்காமல் வெட்டினால் பலவீனமான செடிகள் துளிர்க்காமலே காய்ந்துபோகும். நீ அங்கே பகல் வேலை, இரவு வேலை என்று மாறி மாறிப் போகிறாய். லீவு வந்தாலும் இன்னொருத்திக்குப் பதிலாக நிற்கிறாய் என்று மாப்பிள்ளை சொன்னார். உனக்கு நான் சொல்லக்கூடிய புத்தி அவ்வளவுதான். கொஞ்ச நாள் யாருக்கும் ஒன்றும் கொடுக்காமல் சும்மா இரு. உன் அம்மா கொழுந்து எடுக்கும்போது முற்றிய இலையைத் தொடவே மாட்டாள். நிறை குறைந்து, மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கு ஏசினாலும் தொடமாட்டாள். செடிக்குச் சோறு ஆக்குவது அந்த இலைதான். ஆனால் தன் விஷயத்தில் அவள் அப்படி இருக்கவில்லை. நான் சம்பளமில்லாத தொண்டர் ஆசிரியராக இருந்த காலம் முழுக்க அவளுடைய பேரில், மலையில் அவள் எடுத்த நாள்கூலியில்தான் நம் வீடு ஓடியது. எனக்கு நிரந்தர நியமனம் கிடைத்த பிறகும், நீ பட்டப்படிப்பு முடிக்கும்வரை மலைக்குப் போவதை அவள் விடவில்லை.

மலையிலிருந்து வரும்போது தலையில் ஒரு கட்டு மிலாறு இருக்கும். கவ்வாத்தில் விழுந்த தேயிலைக் கிளைகளைத்தான் நாம் மிலாறு என்கிறோம் என்று மாப்பிள்ளைக்குச் சொல், அவர் கொழும்புப் பிள்ளை. அதை எரித்துத்தான் அவள் சிறுபிள்ளையிலிருந்து சமைத்தாள், அவளுடைய அம்மாவும் அப்படித்தான். காஸ் அடுப்பு வாங்கினோம். காஸ் தட்டுப்பாடு வந்த வருஷம் எல்லோரையும் போல நாமும் மறுபடி விறகுக்கே போனோம். பிறகு அவள் அதை விடவில்லை. ஒளித்தொகுப்பைப் பின்பக்கமாகத் திருப்பினால் அதுதான் நெருப்பு. இலை வெயிலைக் கொண்டு காற்றைக் கட்டையாக்கியது. அடுப்பு அந்தக் கட்டையை மறுபடி காற்றாக்கி, வெயிலை வெளியே விடுகிறது. முழுதாக எரிந்தால் பாதகமில்லை. ஈர மிலாறு முழுதாக எரியாது. புகைபோக்கியில்லாத ஒற்றையறைக் காம்பராவில் அந்தப் புகை பெண்களின் நெஞ்சுக்குள்தான் போய்த் தங்கும். இருமல் வந்தது. படி ஏறினால் நின்று நின்று ஏறினாள். கடைசியில் டொக்டர் படத்தைக் காட்டி, நுரையீரல் இறுகிவிட்டது, பழைய மாதிரி ஆகாது என்றார். அப்போதுதான் நீ கொழும்பிலிருந்து மூச்சுக்கு ஒட்சிசன் கொடுக்கிற அந்த மெசினை வாங்கி அனுப்பினாய்.

இனி நீ அறியாததற்கு வருகிறேன். அம்மா போவதற்குச் சில மாதங்களுக்கு முந்தி இங்கே விடாமல் மழை பெய்ததும், எங்கள் போன் எல்லாம் நின்றுபோய் நீ பயந்ததும் உனக்கு ஞாபகம் இருக்கும். பிறகு பேசியபோது, கரண்ட் இல்லை, சார்ஜ் இல்லை, வேறொன்றும் இல்லை என்றேன். கரண்ட் போனது ஒரு மத்தியான நேரம். மெசின் நீளமாக ஒரு சத்தம் கொடுத்துவிட்டு நின்றது. மாற்றுக்கு வைத்திருந்த சின்ன சிலிண்டரை மாட்டினேன். அதில் அளவு காட்டுகிற முள் இறங்குவது கண்ணுக்குத் தெரிந்தது. கீழ்வீட்டுச் செல்வி சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு மழையில் தேயிலை ஸ்டோருக்கு ஓடி, கொழுந்து லொறியை அழைத்துக்கொண்டு வந்தாள். ஓட்டிவந்தது சுனில், உனக்குத் தெரியும், உன்னை ஏ.எல். பரீட்சைக்கு ஹட்டனுக்கு ஏற்றிப்போன சிங்களவன், அம்மாவை மரியாதையாக நோனா என்றுதான் கூப்பிடுவான். நானும் அவனுமாக அம்மாவைத் தூக்கி முன்சீட்டில் உட்காரவைத்தோம். சிலிண்டரை என் மடியில் வைத்துக்கொண்டேன்.

கோயில் வளைவைத் தாண்டியதும் லொறி நின்றது. ரோட்டுக்குக் குறுக்கே, மேட்டிலிருந்த பெரிய டர்பன்டைன் மரம் வேரோடு விழுந்து கிடந்தது. மேட்டில் இருந்த மற்ற மரங்களைப் பலகைக்கு வெட்டியிருந்தார்கள். தனியாக மிஞ்சிய மரம், காற்றைத் தாங்கவில்லை. சுனில் இறங்கி அதைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தான். "சேர், நீங்க நோனாகிட்ட இருங்க. நான் ஆளுங்கள கூட்டியாறேன்" என்று சொல்லிவிட்டு ஆட்கள் குடியிருக்கும் லயத்துப் பக்கம் ஓடினான். கொஞ்ச நேரத்தில் ஆட்கள் வந்துவிட்டார்கள். கோடரி, கவ்வாத்துக் கத்தி, தச்சாசாரியின் பெரிய அறுப்பு வாள் என்று அவரவர் கைக்குக் கிடைத்ததை எடுத்து வந்தார்கள். பெண்கள் வெட்டி விழுந்த கிளைகளை இழுத்துப் போட்டார்கள். லொறிக்குள்ளே நானும் அவளும் மட்டும் இருந்தோம். கண்ணாடியில் மழை வழிந்துகொண்டிருந்தது.

"என்னங்க, இந்த மரம் இம்புட்டும் காத்துலேருந்து வந்ததுன்னு பாப்பாவுக்குச் சொல்லிக் குடுப்பீங்களே, நெசந்தானா?" என்றாள்.

"பேசாத. மூச்ச சேத்து வை."

"கேட்டதுக்குச் சொல்லுங்க."

"நெசந்தான். மண்ணுலேருந்து எடுத்தது ரொம்பக் கொஞ்சம். மத்ததெல்லாம் காத்தும் தண்ணியும்."

அவள் அந்த மரத்தைப் பார்த்தாள். பிறகு அதற்குப் பின்னால் தெரிந்த மலையைப் பார்த்தாள். மழையில் கழுவி எடுத்த மாதிரி, உச்சி வரைக்கும் பச்சை. அவள் கொழுந்து எடுத்த மலைதான். "சுத்திவர இம்புட்டு எல நிக்குது. எல்லாம் மூச்ச வெளிய விட்டுக்கிட்டுத்தான இருக்கு? அப்பறம் எனக்கு மட்டும் ஏங்க பத்தமாட்டேங்குது?" என்றாள்.

உண்மை என்னவென்றால், அந்த மலை முழுக்க இருந்த இலைகளால் அவளுக்கு ஒரு மூச்சுகூட அதிகமாகக் கொடுக்க முடியாது. இலை விடுகிற ஒட்சிசனில் ஒரு பங்கை இலையே தன் மூச்சுக்கு எடுத்துக்கொள்ளும். மிச்சம் உலகத்துக் காற்றோடு கலந்துவிடும். என்னைச் சுற்றி இருந்த அதே காற்றுதான் அவளைச் சுற்றியும் இருந்தது. நான் அதை இழுத்தேன், அவளால் இழுக்க முடியவில்லை. ஒரே சீட்டில் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருந்தும் நான் வேறு இடத்தில் இருக்கிறேன், அவள் வேறு இடத்தில் இருக்கிறாள் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அந்த நேரத்தில் எனக்குள் வந்த தனிமை இன்னும் போகவில்லை, பாப்பா. அவள் போன நாளில்கூட அப்படி இருக்கவில்லை.

"காத்து எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்று மட்டும் சொன்னேன்.

"மாஸ்டர் பேச்சு" என்று சிரித்தாள். சிரிப்பு இருமலாகி அடங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னைக்கு நடந்தத பாப்பாகிட்ட சொல்லிராதீங்க. பொட்டியத் தூக்கிக்கிட்டு ஓடியாந்துரும். அதோட வேல போயிரும். சத்தியமா சொல்லுங்க" என்றாள். சொன்னேன். "இன்னொண்ணு. எனக்குப் பெறகு நீங்க இங்க ஒத்தையில கெடக்காதீங்க."

"நான் இருந்துக்குவேன்."

"இருக்க மாட்டீங்க. ஒரு தேத்தண்ணி குடிக்கிறதுக்குக்கூட ஒங்களுக்கு எதிர்ல ஒரு ஆளு வேணும்."

மரத்தை நடுவில் அறுத்து, லொறி போகிற அளவுக்கு உருட்டித் தள்ளினார்கள். சுனில் ஓடிவந்து ஏறி, "பய வென்ன எப்பா நோனா, பயப்பட வேணாம்" என்று சொல்லிக்கொண்டே எடுத்தான். கீழே பாலத்தில் தண்ணீர் தொட்டுக்கொண்டு ஓடியது. ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தும்போது முள் அடியில் கிடந்தது. உள்ளே பெரிய சிலிண்டரை மாட்டி, அவள் உதட்டில் நிறம் வருவதை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். கரண்ட் வந்ததும் வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டேன். அதற்குப் பிறகு அவளுக்கு ஓரளவு நல்ல மாதங்கள் சில கிடைத்தன. உன்னோடு வீடியோவில் பேசும்போதெல்லாம் மூக்கிலிருந்த குழாயைக் கழற்றி வைத்துவிட்டு, தலை சீவி, பொட்டு வைத்துக்கொண்டு உட்காருவாளே, அது அந்த மாதங்களில்தான். கடைசியில் ஒரு காலை நேரம், நான் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வருவதற்குள் போய்விட்டாள். வலி இருக்கவில்லை. அதை உனக்கு அப்போதே சொன்னேன், அது உண்மைதான்.

நீ வந்து பதினாறாம் நாள் காரியம் வரை இருந்துவிட்டுப் போனாய். அதற்குப் பிறகுதான் வீடு எவ்வளவு பெரியது என்று தெரிந்தது. போனில் நீ கேட்கும்போதெல்லாம் நல்லா இருக்கேன் என்பேன். சாப்பிட்டேன் என்பேன். பாதி நாள் ரொட்டியும் சீனிச் சம்பலும்தான். அவளுடைய கூடை இன்னும் சுவரில் தொங்குகிறது. ஒரு வாரத்தில் கடைக்காரரிடமும் பஸ் கண்டக்டரிடமும் தவிர யாரிடமும் பேசியிருக்க மாட்டேன். பென்ஷன் எடுத்த பிறகு பள்ளிக்கூடப் பிள்ளைகளும் ரோட்டில் பார்த்தால் கும்பிடுவதோடு சரி. நீ ஏற்பாடு செய்த விசா வந்து என் பாஸ்போர்ட்டுக்குள் கிடக்கிறது. நீ டிக்கெட் போடவா என்று கேட்கும்போதெல்லாம் மழைக்குப் பிறகு பார்ப்போம், அம்மாவின் திவசத்துக்குப் பிறகு பார்ப்போம் என்று தள்ளிக்கொண்டு வந்தேன். ஏன் தள்ளினேன் என்று நீ ஒருநாளும் கேட்கவில்லை. இப்போது சொல்கிறேன். எனக்கு அந்த மெசினை விட்டு வர மனமில்லை.

சிரிக்காதே. அவள் இருந்தவரை ராப்பகலாக ஓடிய சத்தம் அது. காற்றை உள்ளே இழுத்து, நைதரசனைத் தடுத்துவிட்டு, ஒட்சிசனை மட்டும் குழாயில் அனுப்புகிற வேலை. இழுக்கும், நிற்கும், ஒரு பெருமூச்சு விடும், மறுபடி இழுக்கும். அவள் போன பிறகு வீட்டில் அந்தச் சத்தம் இல்லாமல் எனக்கு இருக்க முடியவில்லை. ஒருநாள் மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தவன் எழுந்துபோய் அதைப் போட்டுவிட்டு வந்தேன். சோறு இறங்கியது. அப்புறம் தினமும் சாப்பிடும்போது போட்டேன். பிறகு பேப்பர் படிக்கும்போதும் போட்டேன். குழாயைக் கட்டில்மேல் வைத்துவிடுவேன், அதன் நுனியிலிருந்து யாருக்கும் இல்லாமல் காற்று வந்துகொண்டிருக்கும்.

ஒருநாள் செல்வி கதவைத் தட்டினாள். கறிக்கிண்ணத்தோடு வந்தவள், சத்தத்தைக் கேட்டுவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தாள். "சேர், யாருக்கு மெசின் ஓடுது? ஒங்களுக்கு ஏதும் ஒடம்பு சரியில்லையா?" என்று பதறினாள்.

"எனக்கு ஒண்ணுமில்ல செல்வி. சும்மா போட்டேன்."

அவள் கட்டிலைப் பார்த்தாள், குழாயைப் பார்த்தாள். கிண்ணத்தை மேசையில் வைத்தாள். போவாள் என்று நினைத்தேன், போகவில்லை. முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டே, "சேர், கேக்கக்கூடாதுதான். எங்க அண்ணி ராணிக்கும் இப்ப டீச்சரம்மாவுக்கு வந்த மாதிரியேதான் மூச்சு. ஆஸ்பத்திரில வச்சிருக்காங்க, வீட்டுல மெசின் இருந்தா துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்புறோம்னு சொல்றாங்க. நாங்க எங்க போயி வாங்குறது?" என்றாள். உன் அம்மா டீச்சர் இல்லை. நான் மாஸ்டர் என்பதால் லயத்தில் எல்லோரும் அவளை அப்படித்தான் கூப்பிடுவார்கள், அவளுக்கு அது பிடிக்கும்.

நான் எழுந்து சுவிட்சை அணைத்தேன். வேறு எதையும் யோசிக்கவில்லை. உன்னிடம் கேட்டிருக்க வேண்டும், நீ வாங்கிக் கொடுத்தது. கேட்டால் சரி என்றுதான் சொல்லியிருப்பாய் என்று எனக்குத் தெரியும். மறுநாள் செல்வியின் புருஷன் வந்து தோளில் தூக்கிக்கொண்டு போனார். பின்னாலேயே நானும் போனேன், மாட்டிக் காட்டுவதற்கு. ராணியை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்திருந்தார்கள், வயது உன்னைவிடக் கொஞ்சம்தான் கூட இருக்கும். குழாயை மூக்கில் வைத்ததும் கண்ணை மூடிக்கொண்டாள். கட்டிலுக்கு இந்தப் பக்கம் ஒரு தடுப்பு, அந்தப் பக்கம் அடுப்பு, கூரையெல்லாம் கரி. மெசினிருக்கும் அறையில் நெருப்பு இருக்கவே கூடாது என்று சத்தம் போட்டு, அன்றைக்கே அடுப்பை வெளியே எடுக்க வைத்தேன். அடுத்தடுத்த நாட்களில் நானும் செல்வியின் அண்ணனுமாகப் பின்சுவரை ஒட்டித் தகரத்தில் ஒரு சாய்ப்பு இறக்கி, தகரத்தை உருட்டிப் புகைபோக்கி வைத்தோம். அதைப் பார்த்துப் பக்கத்துக் காம்பராக்காரர்களும் கேட்டார்கள். அதையும் செய்தோம். அந்த நாட்களில் நான் நன்றாகச் சாப்பிட்டேன், பாப்பா. செல்வி சோறு போட்டுக் கொடுத்தாள்.

வேலை முடிந்து வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தேன். மெசின் இருந்த இடத்தில் நாற்காலி அளவுக்குத் தரை மட்டும் வெளிறித் தெரிந்தது. அந்தச் சத்தத்துக்காகவே இருந்தவன் நான். அது வேறொரு வீட்டில் ஒருத்திக்கு மூச்சு கொடுத்துக்கொண்டிருக்கிறது. இங்கே நான் எதைக் காத்துக்கொண்டிருக்கிறேன் என்று என்னையே கேட்டேன். கேட்டுவிட்டு வெளியே நடந்தேன். தோட்டத்துக் கடைசியில் கைவிட்ட மலை ஒன்று இருக்கிறதே, யாரும் கவ்வாத்து வெட்டாமல், கொழுந்து எடுக்காமல் விட்டது. தேயிலை அங்கே மரமாகிவிட்டது. நிமிர்ந்து பார்க்க வேண்டிய அளவுக்கு உயரம், வெள்ளைப் பூ, அடியில் ஈரம், எங்கிருந்தோ வந்த குருவிகள். ஆள் கையே படாவிட்டால் தேயிலை இப்படித்தான் வளரும். அழகாக இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த நிழலில் நின்றபோது கூப்பிடு தூரத்தில் ஒரு மனிதக் குரல் இல்லை. இருட்டும் முன்பு திரும்பிவிட்டேன். வீட்டுக்கு வந்து ஒரு தேத்தண்ணி போட்டேன். குடிக்கவில்லை.

நேற்றுக் காலை பஸ் ஏறிப் பொகவந்தலாவை பஜாருக்குப் போனேன். உன் கல்யாணத்துக்கு எனக்குக் கோட்டுத் தைத்த பாய், அதே கடையில் அதே தையல் மெசினுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். "வாங்க சேர். மறுபடி யாருக்குக் கல்யாணம்?" என்றார்.

"கல்யாணம் இல்ல பாய். கனடாவுக்கு மகள்கிட்ட போறேன். அங்க குளிர் கோட்டு வாங்கி வைக்கணும், தோள் அளவு கையளவு எல்லாம் எடுத்துக் குடுங்க."

அவர் நாடாவை என் தோளில் வைத்தார், மார்பைச் சுற்றினார். எதையோ சரிபார்ப்பது போல இன்னொரு தடவை சுற்றினார். "ரொம்ப எளச்சிட்டீங்க சேர். பழைய அளவு இதுக்குக் கிட்டவும் வராது" என்றார். எவ்வளவு நாளைக்குப் போகிறீர்கள் என்று கேட்டார். தெரியாது என்றேன். அளவுகளைத் துண்டில் எழுதி என் சட்டைப் பைக்குள் அவரே வைத்தார். பிறகு ஒரு பெடியனை அனுப்பிப் பிளேன்டீ வரவழைத்து, தானும் ஒன்றை எடுத்துக்கொண்டு எனக்கு எதிரே உட்கார்ந்தார்.

அந்தத் துண்டை இதோடு வைத்திருக்கிறேன். கொஞ்சம் கூட்டித்தான் எழுதியிருக்கிறாராம். நீ சமைத்துப் போட்டால் உடம்பு தேறிவிடும், அப்போது கோட்டு இறுக்கிப் பிடிக்கக்கூடாது என்றார். மாப்பிள்ளையிடம் சொல்லி டிக்கெட்டைப் போடு.

அப்பா